கோயில் விளக்குகளுக்கு மேல்தொட்டி வைத்துக் குழாயில் எண்ணெய் விடலாமா?

மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து தம்பி ஒருவர் கேட்டது இது. அவர்கள் பங்காளிகளின் குலதெய்வக் கோயிலில் மொத்தம் 36 விளக்குகள். முன்மண்டபத் தூண்களில் ஆறரை அடி உயரத்தில் பக்கத்துக்குப் பன்னிரண்டாக 24, வெளிச்சுவர் மாடக்குழிகளில் 10, கருவறையில் 2. எல்லாம் நிலையாகப் பதித்தவை, கழற்றிக் கீழே இறக்க முடியாது. தினம் சாயங்காலம் அவருடைய பெரியப்பா முக்காலி போட்டு ஏறித்தான் எண்ணெய் ஊற்றுவார். போன மாதம் முக்காலி வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. அதனால் மண்டபத்துக்கு மேலே 50 லிட்டர் தொட்டி வைத்து, தோட்டத்துக்குச் சொட்டுநீர் விடுகிற மாதிரி ஒவ்வொரு விளக்குக்கும் எண்ணெய் சொட்ட விடலாமா, அதில் தீப்பிடிக்குமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, பெரியப்பாவை இனி ஏற விடுவதில்லை என்று முடிவு செய்தீர்களே, அது சரி. மேல்தொட்டி மட்டும் வேண்டாம். நான் முப்பது வருஷம் ஆலையில் குழாய், பம்பு, பாய்லர் என்று பராமரிப்பு வேலை பார்த்தவன். கோயில் விளக்கிலும் இந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன். அதில் ஒரு இடத்தில் பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நெருப்பு விஷயம். குழாய் வழியாகத் தீ ஏறித் தொட்டிக்குப் போய்விடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவானாலும் அப்படி நடக்காது. இந்த எண்ணெய்களை இருநூறு டிகிரிக்கும் மேலே நன்றாகச் சூடாக்கினால்தான் பற்றுகிற அளவுக்கு ஆவி கிளம்பும். திரி இருப்பதால்தான் விளக்கே எரிகிறது. ஒரு துளி எண்ணெய் திரியின் நுனிக்கு ஏறி, அங்கே சூடாகி ஆவியாகி எரிகிறது. குழாய்க்குள் குளிர்ந்து நிற்கும் எண்ணெயில் தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துதான் போகும். ஆனால் மண்ணெண்ணெய் அப்படியில்லை. அது 35 டிகிரிக்குக் கீழே பற்றக் கூடாது என்பதுதான் அதற்கு வைத்திருக்கும் தர அளவே. நம் ஊர் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. அந்த மதியத்தில் மண்ணெண்ணெய் நிற்கும் கிண்ணத்துக்கு மேலே பற்றக்கூடிய ஆவி தயாராகவே இருக்கும். 'கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் குழாயில் நன்றாக ஓடும்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கடையில் 'விளக்கேற்ற மட்டும்' என்று போட்டு விலை குறைவாக விற்கும் எண்ணெயும் இந்த வேலைக்கு வேண்டாம், அதில் எது கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. செக்கில் வாங்கும் நல்லெண்ணெய் போதும்.

அப்படியானால் மேல்தொட்டியில் என்ன கெடுதல்? கசிவுதான்.

திருமங்கலம் பக்கம் ஒரு சின்னக் கோயிலில், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி கேட்டார்கள். நான் போட்டுக் கொடுத்தேன். மேலே 20 லிட்டர் கேன், கீழே விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் மிதவை வால்வு. தண்ணீர்த் தொட்டியில் இருக்கிற அதே ஏற்பாடுதான். எண்ணெய் குறைந்தால் மிதவை இறங்கும், வால்வு திறக்கும், நிறைந்தால் மூடும். நாலு மாதம் அருமையாக ஓடியது. நல்லெண்ணெய் காற்றுப்பட்டு நாளாக ஆகப் பிசினாகும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மிதவையின் கம்பி மூட்டில் அந்தப் பிசின் மஞ்சளாகக் கட்டி, திறந்த வால்வு ஒரு ராத்திரி திறந்தபடியே நின்றுவிட்டது. கேனில் இருந்த அத்தனை எண்ணெயும் விளக்குக் கிண்ணங்கள் வழியாகத் தரைக்கு வந்துவிட்டது. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வந்த அம்மா அந்தக் கல் தரையில் கால் வைத்தார். மணிக்கட்டு முறிந்தது. தீ எதுவும் இல்லை. அந்த அம்மாவின் கைக்கட்டைப் பார்த்த நாளிலிருந்து ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன்: திறந்த விளக்குக்கு மேலே, அதைவிட உயரத்தில், அது கொள்ளாத எண்ணெயை வைக்கவே கூடாது. நடுவில் எத்தனை வால்வு போட்டாலும் சரி.

உங்கள் சொட்டுநீர் யோசனையில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. காற்றடித்து ஒரு விளக்கு அணைந்துவிட்டது என்று வையுங்கள். சொட்டு நிற்காது. செடிக்குத் தண்ணீர் அதிகமானால் மண் குடித்துக்கொள்ளும், அணைந்த விளக்கு எதைக் குடிக்கும்? வழிய வேண்டியதுதான். மண்டபத்தில் வழிந்த எண்ணெய் பக்கத்து எரியும் திரியைத் தொட்டால் அந்த ஈரமே திரியாகிவிடும். தோட்டத்துக் கருப்புக் குழாய் பிளாஸ்டிக், சுடர் பக்கத்தில் இளகி உருகும்.

இப்போது கணக்குப் பாருங்கள், இது முக்கியம். எங்கள் வீட்டில் அளவுக் குடுவை வைத்து அளந்ததில் ஒற்றைத் திரி மணிக்கு 5 முதல் 8 மில்லி குடிக்கிறது. உங்கள் திரியை நீங்களே ஒரு நாள் அளந்துகொள்ளுங்கள். 6 என்று வைத்தால், சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை ஒரு விளக்குக்கு 18 மில்லி. 36 விளக்குக்கும் சேர்த்து 650 மில்லி, அவ்வளவுதான். 50 லிட்டர் என்பது இரண்டரை மாதத்து எண்ணெய், அதைத் தலைக்கு மேலே தொங்கவிட வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் காலத்திலும் விளக்குக்கு அளந்துதான் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு கொடுத்து, அதற்குத் தினம் உழக்கு நெய் என்று வைத்திருக்கிறார்கள். உழக்கு என்றால் நாழியில் கால் பங்கு. ராத்திரி பகல் முழுக்க எரியும் விளக்குக்கே ஒரு நாள் அளவு அதுதான்.

சரி, மண்டபத்து 24 விளக்குகளுக்கு வழி என்ன? மட்டக்குழாய். கொத்தனார் சுவர் எழுப்பும்போது ஒரு நீளமான, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் பிடித்து இரண்டு முனையும் ஒரே மட்டமா என்று பார்ப்பாரே, அதே தத்துவம். ஒரு வரிசையின் 12 கிண்ணங்களையும் அடியில் ஒரே குழாயால் இணைத்துவிட்டால், எந்த இடத்தில் ஊற்றினாலும் எண்ணெய் பன்னிரண்டிலும் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். மேல்தொட்டியும் வேண்டாம், வால்வும் வேண்டாம். கருவறைப் பக்கத்து மேடை மூன்றடி உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மேடையில் நின்றால் ஆறரை அடி விளக்கு உங்கள் மார்புக்கும் கீழேதான். வரிசையின் முனையில், மேடையிலிருந்து கை எட்டும் இடத்தில், கிண்ணங்களின் அதே உயரத்தில் ஒரு சின்னப் பித்தளைப் பெட்டியைப் பொருத்துங்கள். பெரியப்பா தரையில் நடப்பது போல மேடையில் நடந்து வந்து, ஒரு வரிசைக்கு 220 மில்லி அளந்து, ஒரேயடியாக இல்லாமல் விட்டுவிட்டு அதில் ஊற்றட்டும். ஏணி, முக்காலி எதுவும் தேவையில்லை.

கிண்ணம் 8 சென்டிமீட்டர் அகலம் என்றால், மூன்று மணி நேரம் எல்லாம் எரிந்த பிறகும் மட்டம் நாலு மில்லிமீட்டர்கூட இறங்காது. கிண்ணங்களேதான் தொட்டி. அதனால் பெட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை, உள்ளங்கை அகலம் போதும்.

அந்தப் பெட்டியில் ஒரு வேலை மட்டும் தவறாமல் செய்யுங்கள். விளக்கு விளிம்பைவிட 5 மில்லிமீட்டர் தாழ்வாகப் பெட்டியின் பக்கச் சுவரில் ஒரு துளை போட்டு, அதிலிருந்து சின்னக் குழல் ஒன்றைக் கீழே ஒரு தூக்குச் சட்டிக்கு விடுங்கள். யாராவது மறதியில் இரண்டு தரம் ஊற்றினாலும், திருவிழா அன்று ஆர்வத்தில் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினாலும், மிச்சம் சட்டிக்குப் போகும், விளக்கு வழியாது. துளை அடைக்காத அளவுக்குப் பெரிதாக, சுண்டுவிரல் நுழைகிற மாதிரி இருக்கட்டும். இதில் அசையும் பாகம் எதுவும் கிடையாது, பிசின் பிடித்து நிற்பதற்கு ஒன்றுமில்லை.

இதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. பழைய மண்டபங்களில் தூண்கள் சமமாக நிற்பதில்லை. ஒரு பக்கம் இறங்கியிருக்கும். கொத்தனாரின் டியூபைக் கடன் வாங்கி 24 விளிம்புகளையும் அளந்து எழுதுங்கள். வரிசையில் எது மிகத் தாழ்வோ அதுதான் எல்லாவற்றுக்கும் அளவு, பெட்டித் துளையை அதற்குத்தான் ஐந்து மில்லிமீட்டர் தாழ்வாக வைக்க வேண்டும். வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்கு மேலே போனால், கல் தாங்கிக்குள் ஒரு பித்தளைக் கிண்ணம் உட்கார வைத்து, அடியில் தகடு கொடுத்து மட்டம் செய்துகொள்ளலாம். எப்படியும் கல்லைத் துளைக்கக் கூடாது. குழாய் இணைப்பு பித்தளைக் கிண்ணத்தின் அடியில்தான் வர வேண்டும். மதுரை விளக்குத்தூண் பக்கம் வெண்கலக்கடைத் தெருவில் அளவு சொன்னால் கிண்ணம் கிடைக்கும், அடியில் மூக்கு வைத்துப் பற்றவைத்துத் தர ஆள் இருக்கிறார்கள். தூணில் குழாயை நிறுத்துவதற்கும் ஆணி அடிக்காதீர்கள், தூணைச் சுற்றிப் பட்டை போட்டுப் பிடியுங்கள்.

குழாய் எவர்சில்வர், 304 ரகம், உள்விட்டம் 12 மில்லிமீட்டர். செம்புக் குழாய் வளைக்க எளிது என்று கடையில் சொல்வார்கள், ஆனால் செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் கெட்டுப் பச்சையாகக் களிம்பு விடும். மெல்லிய குழாய் அழகாக இருக்கும் என்றும் ஆசைப்படாதீர்கள். நல்லெண்ணெய் தண்ணீரைவிட ஐம்பது மடங்கு போலக் கெட்டி. மட்ட வித்தியாசம் 5 மில்லிமீட்டர் இருந்தால், 12 மில்லிமீட்டர் குழாயில் பதினைந்து மீட்டர் தூரத்துக்கு மணிக்குச் சுமார் 100 மில்லி நகரும், உங்கள் வரிசைக்கு 72 போதும். குழாயைப் பாதியாக்கி 6 மில்லிமீட்டர் போட்டால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். மணிக்கு ஆறு ஏழு மில்லி, ஒரு விளக்குக்குத்தான் காணும். கடைசி விளக்குகள் காய்ந்து கரியும். விளக்கெண்ணெய் இன்னும் பத்து மடங்கு கெட்டி, அது குழாய்க்கு ஆகாது. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குப் பக்கத்தில் உறைகிறது, மார்கழி விடியலில் பூஜைக்குப் போனால் குழாய் முழுக்க வெள்ளையாக நிற்கும். நெய்யும் இலுப்பெண்ணெயும் அப்படித்தான். வேண்டுதலுக்கு நெய் கொண்டு வருகிறவர்களுக்குக் கீழே தனி அகல் வையுங்கள், அதைப் பெட்டியில் ஊற்ற விடாதீர்கள்.

குழாய் கிண்ணங்களுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, ஒரே சீரான சாய்வில் போகட்டும். நடுவில் ஒரு மேடு விழுந்தால் அங்கே காற்று அடைத்து அதற்கு அப்பால் எண்ணெய் போகாது. தாழ்ந்த முனையில் ஒரு திருகு மூடி வையுங்கள். ஒரு வரிசைக் குழாய்க்குள் ஒன்றே முக்கால் லிட்டர் போல நிற்கும். வருஷத்துக்கு இரண்டு தரம் அதைத் திறந்து வடித்துவிட்டு, சலவைச் சோடா கரைத்த வெந்நீரை ஓடவிட்டால் பிசின் போகும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே தங்கினாலும் அது அடியில் நின்று, ஒரு நாள் திரிக்கு வந்து சடசடவென்று தெறிக்கும். இரண்டு நாள் திறந்து போட்டுக் காயவிட்ட பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும்.

வெளிச்சுவரின் பத்து மாடக்குழிகளுக்குக் குழாயே வேண்டாம் என்பது என் எண்ணம். அவை கைக்கு எட்டும் உயரம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மட்டம். நீள மூக்குக் கெண்டி ஒன்று வாங்கி நடந்தபடியே ஊற்றிவிடலாம், பத்து நிமிஷ வேலை. எல்லாவற்றையும் தானாக நடக்க வைத்துவிட்டால் விளக்கைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். ஆள் பார்க்காத விளக்குதான் ஆபத்து.

கருவறை விளக்கு இரவு பகல் எரிய வேண்டும் என்றால் தூண்டாமணி விளக்கு போடுங்கள். பழைய கோயில்களில் சங்கிலியில் தொங்கும்; சுற்றிலும் கிண்ணம், நடுவில் மூடிய குடம் போல ஒரு பகுதி. அந்தக் குடத்தில்தான் எண்ணெய். குடத்தின் கீழ்த் துளை கிண்ணத்து எண்ணெயில் மூழ்கியிருக்கும் வரை உள்ளே காற்றுப் போக வழியில்லை, எண்ணெயும் இறங்காது. திரி குடித்து மட்டம் இறங்கித் துளை லேசாக வெளியே தெரிந்ததும் ஒரு குமிழி 'ப்ளக்' என்று மேலே போகும், அந்த அளவு எண்ணெய் கீழே வரும், துளை மறுபடி மூழ்கும். விளக்கு கேட்டால்தான் வரும், விளக்கு அணைந்தால் தானாக நிற்கும். விளக்குக்கு மேலே எண்ணெய் கூடாது என்று சொன்னேனே, அதற்கு இது ஒன்றுதான் விலக்கு. நம் முன்னோர் செய்து வைத்ததில் நான் வியந்து பார்ப்பது இதைத்தான்.

ஆனால் புதிதாகச் செய்யச் சொன்னால் குடத்தைப் பெரிதாக்கிவிடுகிறார்கள், அதில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று கூடும். பகலில் சூடேறினால் அந்தக் காற்று விரிந்து எண்ணெயைக் கீழே தள்ளும். அரை லிட்டர்க் குடத்தில் 400 மில்லி காற்று நிற்கும்போது பத்து டிகிரி ஏறினால் 13 மில்லி வெளியே வரும். அதைத் தாங்க விளிம்புக்குக் கீழே 25 மில்லிக்காவது இடம் விட்டுக் கிண்ணம் செய்யச் சொல்லுங்கள். ஐந்து லிட்டர்க் குடமானால் பத்து மடங்கு தள்ளும், கிண்ணம் தாங்காது. அரை லிட்டர் மூன்று நாளைக்கு வரும், அது போதும். சுடர் குடத்தைச் சூடாக்காத மாதிரி திரி மூக்கும் தள்ளி இருக்க வேண்டும்.

திரியிலும் கவனம் தேவை. எரிந்து முடிந்த திரித் துண்டுகளைக் கிண்ணத்திலேயே போட்டு வைப்பதுதான் நிறைய இடத்தில் தீயாகிறது. ஒரு நாள் அத்தனையும் சேர்ந்து பற்றும், கிண்ணத்து எண்ணெய் மொத்தமாகச் சூடேறி மேற்பரப்பே எரியும். தினம் கிள்ளி எடுத்து, மூடி போட்ட தகரப் பெட்டியில் போடுங்கள். எலி எண்ணெய்த் திரியை எரிகிறபோதே இழுத்துக்கொண்டு ஓடும், கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். மூக்கில் ஒரு கம்பி வளையம் போட்டுத் திரியைப் பிடித்து வைத்தால் போதும். சொட்டுத் தட்டில் மணல் போடும் பழக்கம் இருந்தால் வாராவாரம் மாற்றுங்கள். எண்ணெய் ஊறிய மணலும் திரி மாதிரியே எரியும்.

துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் குவிக்காதீர்கள். நல்லெண்ணெய் ஊறிய துணி காற்றோடு சேர்ந்து தானே சூடு கிளப்பும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். சோப்புப் போட்டு அலசிக் கொடியில் விரித்துவிடுங்கள். 15 கிலோ டின்னைக் கற்பூரப் பெட்டிக்கும் திருவிழா வெடிக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

கல் மண்டபம்தானே, என்ன ஆகப்போகிறது என்று நினைக்கக் கூடாது. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் பிடித்த தீயில் கல் எப்படி வெடித்துச் சரிந்தது என்று மதுரைக்காரர்கள் எல்லோரும் பார்த்தோம். கல் எரியாது, சூட்டில் பிளக்கும். எண்ணெய்க் கிண்ணம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எரியும் எண்ணெய் ஆள் உயரத்துக்குச் சிதறும். பெரிய பித்தளைத் தட்டு ஒன்றை மூடியாகக் கவிழ்த்தால் அணைந்துவிடும், ஆறும் வரை திறக்காதீர்கள். அதற்கென்றே ஒரு தட்டு, நீளக் காம்பு வைத்து, மேடையில் எப்போதும் மாட்டியிருக்கட்டும். கை மீறினால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101.

வேலை முடிந்ததும் அன்றைக்கே விளக்கேற்றிவிடாதீர்கள். குழாயில் எண்ணெய் நிரப்பி, ஒவ்வொரு இணைப்புக்கும் நேர் கீழே தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மேலே ஒரு கல் வைத்து, ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். மண்டபத்துக் கதவையும் பூட்டிவிடுங்கள். காலையில் தாளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் கண்ணாடி போல ஒரு வட்டமாகத் தெரியும். வட்டம் விழுந்த தாளில் அது எந்தத் தூண் என்று பென்சிலால் எழுதி, அந்த இணைப்பை மட்டும் பிரித்து மறுபடி போடுங்கள். தொடர்ந்து மூன்று ராத்திரி தாள் சுத்தமாக இருந்த பிறகு பெரியப்பா கையாலேயே முதல் விளக்கை ஏற்றச் சொல்லுங்கள்.